உரிமை கோருவார் இல்லாத உடல்கள்

2020 ஆகஸ்டு 14 அன்று ஜெய்ப்பூரில் பெய்த பெருமழையில், ராம்நிவாஸ் தோட்டத்தின் நடுவே நிற்கும் ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்தின் நிலவறைக்குள் வெள்ளம் புகுந்தது. அலுவலகக் கோப்புகள் நனைந்து ஊறின. அங்கேதான் கண்ணாடிப் பேழைக்குள் தூத்து என்னும் எகிப்தியப் பெண் படுத்திருந்தாள். நீர்மட்டம் ஏறுவதைக் கண்ட ஊழியர்கள் பேழையின் கண்ணாடியை உடைத்து, அவளைத் தூக்கி மேலே கொண்டுசேர்த்தார்கள். ஏறத்தாழ 130 ஆண்டுகளில் அவள் பேழையை விட்டு வெளியே வந்தது அதுவே முதல் முறை என்று மறுநாள் செய்திகள் கூறின. அடுத்த சில நாள்கள் நனைந்த கோப்புகள் வெயிலில் காய்ந்தன.

இச்செய்தியைத் தமிழில் எழுத முனையும் எவரும் ஓரிடத்தில் தயங்கியே ஆகவேண்டும். மம்மி மீட்கப்பட்டதா, தூத்து மீட்கப்பட்டாளா? ஆங்கிலச் செய்தியாளருக்கு 'மீட்கப்பட்ட' என்பதற்கு ஒரே வடிவம் போதும். தமிழ் வினைமுற்றோ திணையைக் கேட்கிறது. இறப்பு வீட்டில் இந்த வேறுபாட்டை எல்லாரும் அறிவர். துக்கம் விசாரிக்க வந்த தூரத்து ஆள் 'பிணம் எப்போது எடுக்கிறார்கள்' என்பார். காவல் நிலையத்துக்காரர் 'பாடி வந்துவிட்டதா' என்பார். மகளோ 'அம்மாவை எப்போது எடுக்கப்போகிறீர்கள்' என்றுதான் கேட்பாள். இறந்தவர் உயர்திணையில் நீடிப்பது உறவு கோருவார் ஒருவர் அருகில் நிற்கும் வரைக்கும்தான். இந்திய அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கும் மனித உடல்களின் வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது: அவர்களுக்கு உறவு கோர யார் இருந்தார்கள்?

தூத்து அக்மீம் என்னும் ஊரைச் சேர்ந்தவள். கிரேக்கர் பனோபோலிஸ் என்றழைத்த அந்நகர் மேல் எகிப்தில் நைல் நதியின் கீழ்க்கரையில் உள்ளது. கெம் என்னும் தெய்வத்துக்குப் பூசை செய்த குடும்பத்தின் மகள் என்றும், தாலமி அரசர்கள் ஆண்ட காலத்தில், அதாவது கி.மு. 322க்கும் 30க்கும் இடையில் வாழ்ந்தவள் என்றும் அருங்காட்சியகம் சொல்கிறது. 1880களில் அக்மீமின் பழைய இடுகாடு தோண்டப்பட்டபோது ஆயிரக்கணக்கான உடல்கள் வெளிப்பட்டன. அவ்வளவையும் எகிப்தால் வைத்துக்கொள்ள முடியவில்லை. வைத்துக்கொள்ள அன்றைய தொல்லியல் அதிகாரிகளுக்கு விருப்பமும் இல்லை. உலகின் பல அருங்காட்சியகங்களில் இன்று 'அக்மீம்' என்ற ஊர்ப்பெயருடன் பெட்டிகள் கிடப்பதற்கு அந்தப் பத்தாண்டு ஒரு முக்கியக் காரணம். கெய்ரோ அருங்காட்சியகத்தின் காப்பாளர் புருக்ஷ் பே வழியாகத் தூத்து ஜெய்ப்பூருக்கு வந்தாள். அருங்காட்சியகத்தை உருவாக்கியவர் தாமஸ் ஹோல்பைன் ஹெண்ட்லி. தொழிலால் அறுவை மருத்துவர். 1883இல் ஜெய்ப்பூரில் அவர் நடத்திய பெரும் பொருட்காட்சியின் தொடர்ச்சியாகவே சாமுவேல் சுவிண்டன் ஜேக்கப் வடிவமைத்த இக்கட்டடம் 1887இல் திறக்கப்பட்டது. ஜெய்ப்பூர்க் கைவினைஞருக்கு உலகத்தின் நல்ல வேலைப்பாடுகளைக் காட்டிப் பயிற்றுவிப்பதே ஹெண்ட்லியின் நோக்கம். பானை, கம்பளம், ஆயுதம், பித்தளைத் தட்டு ஆகியவற்றோடு ஒரு பூசாரி வீட்டுப் பெண்ணும் அவ்வரிசையில் சேர்ந்தாள். அவளிடமிருந்து எந்தக் கைவினைஞர் எதைக் கற்றார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தியாவில் இவ்வாறு வந்து சேர்ந்தவர்கள் ஒரு கைவிரல் எண்ணிக்கையை ஒட்டியவர்கள். கொல்கத்தா, ஜெய்ப்பூர், வடோதரா, ஐதராபாத், லக்னோ என அவர்கள் இருப்பிடங்களைச் சொல்லிவிடலாம். வடோதராவில் இருப்பவரை 1895இல் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் நியூயார்க்கிலிருந்து வாங்கினார். ஆக, எகிப்தில் இறந்தவர் அமெரிக்கா சென்று குஜராத் திரும்பினார். லக்னோவில் இருப்பவள் ஒரு சிறுமி. ஐதராபாத்தில் இருப்பவளுக்கு மட்டும் ஒரு கதை உண்டு. அதனால் அவளைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும்.

ஐதராபாத் பொதுத்தோட்டத்து அருங்காட்சியகத்தில் உள்ளவளுக்கு நைஷு என்று பெயர் சொல்கிறார்கள். ஆறாவது நிஜாம் மகபூப் அலி கானின் மருமகன் நசீர் நவாஸ் ஜங் 1920ஆம் ஆண்டு வாக்கில் அவளை ஆயிரம் பவுண்டுக்கு வாங்கி, ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கானுக்கு அளித்தார். நிஜாம் 1930இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவள் 'ஆறாவது பாரோவின் மகள்' என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் விளக்கம். பள்ளிச் சுற்றுலா வரும் பிள்ளைகள் 'இளவரசி' என்ற சொல்லைக் கேட்டதும் முண்டியடிக்கிறார்கள். ஆனால் எகிப்தின் அரசர்களை வரலாற்றாசிரியர்கள் முப்பதுக்கும் மேற்பட்ட வம்சங்களாகப் பிரித்து எண்ணுகிறார்கள். அரசர்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போகும். அந்த வரிசையில் 'ஆறாவது' என்பது எதை முதலாகக் கொண்டு எண்ணியது? உடலின் காலமோ கி.மு. 300ஐ ஒட்டியது அல்லது அதற்கும் பிந்தையது எனப்படுகிறது. அப்போது எகிப்தை ஆண்டவர்கள் மாசிடோனியாவிலிருந்து வந்த கிரேக்கர்கள். ஆறாம் எண் எங்கே தொடங்கியது என்று தேடுபவர், எகிப்தை விட ஐதராபாத் அரண்மனை வட்டாரத்தில் முதலில் தேடுவது நன்று. ஆறாவது நிஜாமின் மருமகன் வாங்கிய பொருள் ஆறாவது மன்னனின் மகளாகியிருப்பது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் எந்த விற்பனையாளரும் சாதாரண வீட்டுப் பெண்ணை ஆயிரம் பவுண்டுக்கு விற்பதில்லை.

2016இல் அவளுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. துணிச்சுற்றுகள் உதிரத் தொடங்கியிருந்தன, கால்விரல்கள் வெளித்தெரிந்தன. மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயத்தின் பாதுகாப்பு வல்லுநர்கள் வந்து உடலைச் சீர்செய்தார்கள். ஆக்சிஜன் நீக்கி நைட்ரஜன் நிரப்பிய பேழைக்குள் அவள் வைக்கப்பட்டாள். நுண்ணுயிர்கள் பலவும் வளர உயிர்வளி வேண்டும். அதை எடுத்துவிட்டால் அழிவு பெரிதும் குறையும். மூவாயிரம் ஆண்டு மரபில் நேட்ரான் உப்பும் பிசினும் துணியும் கொண்டு செய்ததை இங்கே ஒரு வாயு செய்கிறது. அறிவியல் அவளை நன்றாகக் காப்பாற்றியது. அவள் யார் என்ற பலகையைத் திருத்துவது அதைவிட எளிய வேலைதான்.

இவர்கள் எல்லாருக்கும் மூத்தவர் கொல்கத்தாவில் இருக்கிறார். 1814இல் டென்மார்க்கைச் சேர்ந்த தாவரவியலாளர் நதானியல் வாலிச்சின் முயற்சியால் ஆசியக் கழகம் தொடங்கிய அருங்காட்சியகத்துக்கு, 1834இல் வங்காளக் குதிரைப்படையின் லெப்டினன்ட் ஆர்ச்போல்டு ஒரு மம்மியை அனுப்பினார். எகிப்தின் அரசர் கல்லறைகள் இருக்கும் பகுதியிலிருந்து அதைப் பெரும்பாடுபட்டு எடுத்ததாகவும், கப்பலாட்கள் அதை ஏற்றிக்கொள்ள மறுத்ததாகவும், கடைசியில் ஒரு போர்க்கப்பலில் பம்பாய்க்கு அனுப்பியதாகவும் அவருடைய கூற்று. அந்த மறுப்பு கவனிக்கத் தக்கது. இந்த வரலாறு முழுவதிலும் அந்தப் பிணத்துக்காக வாய் திறந்தவர்கள் பெயர் தெரியாத அந்தக் கப்பலாட்களே. அவர்கள் பேசியது அச்சத்தாலா மரியாதையாலா என்பது வேறு. கப்பலில் பிணம் ஏறினால் புயல் வரும் என்பது கடலோடிகள் பலரின் நம்பிக்கை.

1834 என்ற ஆண்டும் தற்செயலானதன்று. அதே ஆண்டில்தான் லண்டனில் தாமஸ் பெட்டிகுரூ எகிப்திய மம்மிகளின் வரலாறு பற்றிய தன் நூலை வெளியிட்டார். இவரும் அறுவை மருத்துவரே. கட்டணம் வாங்கிக்கொண்டு, கூடியிருந்த சீமான்கள் முன்னிலையில் மம்மியின் துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியவர். இடம் கிடைக்காமல் பெரிய மனிதர்கள் திரும்பிச் சென்ற நிகழ்ச்சிகளும் உண்டு. கொல்கத்தாவுக்கு ஒரு மம்மி வேண்டும் என்று ஒரு இளம் படை அதிகாரிக்குத் தோன்றியதற்கு அந்தக் காலத்துக் காற்றே காரணம்.

ஆசியக் கழகத்தின் தொகுப்பு பின்னர் சௌரங்கியில் வால்டர் கிரான்வில் வடிவமைத்த பெரிய கட்டடத்துக்குச் சென்றது. 1878இல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வங்க மக்கள் அதற்கு வைத்த பெயர் 'ஜாதுகர்', மாய வீடு. வடநாட்டு நகரங்களில் அருங்காட்சியகம் 'அஜாயிப்கர்', விந்தை வீடு. சென்னைவாசிகள் இன்னும் நேரடியானவர்கள்: விலங்குகள் உலவிய உயிர்க்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்', எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 'செத்த காலேஜ்'. அரசாங்கம் கல்வி நிலையம் என்று நினைத்துத் திறந்ததை மக்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இந்த மூன்று பெயர்களைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. எண்ணெய் தடவிய தலையும் கட்டுச்சோறுமாகக் கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள் கொல்கத்தா மம்மியைச் சுற்றி வந்தது, திருவிழாவில் இரட்டைத்தலைக் கன்றைப் பார்ப்பது போன்ற வியப்போடுதான்.

வியப்போடு ஓர் அச்சமும் கலந்திருந்தது. அதன் வேர் 'மம்மி' என்ற சொல்லிலேயே இருக்கிறது. பாரசீகத்தில் 'மோம்' என்றால் மெழுகு. 'மூமியா' என்பது மலைப்பாறையில் கசியும் கரிய நிலப்பிசின், எலும்பு முறிவுக்கும் காயத்துக்கும் யுனானி மருத்துவர்கள் கொடுத்த மருந்து. எகிப்தியப் பிணங்களின் மேல் படிந்திருந்த கரும்பிசினும் அதுவே என்று கருதிய இடைக்கால வணிகர்கள், பிணத்தையே பொடித்து மருந்தாக ஐரோப்பாவில் விற்றார்கள். இவ்வாறு மருந்தின் பெயர் பிணத்தின் பெயராயிற்று. இந்தியச் சந்தைகளிலோ 'மோமியாய்' மருந்தாகவே தொடர்ந்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் வட இந்திய ஊர்களில் அச்சொல் வேறொரு பொருள் பெற்றது. வில்லியம் குரூக் என்னும் ஆங்கில அதிகாரி 1890களில் தொகுத்த நாட்டார் நம்பிக்கைகளில் 'மோமியாய்வாலா சாகிப்' வருகிறார்: சிறுவர்களைப் பிடித்துச் சென்று, தலைகீழாகத் தொங்கவிட்டு, கீழே மெல்லிய தீ மூட்டி, உடலின் சத்தைச் சொட்டுச் சொட்டாக வடித்தெடுக்கும் வெள்ளைக்காரர், அரசிடமிருந்து அதற்குக் குத்தகை பெற்றவர். குரூக்கும் அவர் வகுப்பாரும் இதை மூடநம்பிக்கை என்று எழுதிக் கடந்தார்கள். ஊர்மக்கள் கண்ட விவரங்களை அடுக்கிப் பார்த்தால் அப்படிக் கடக்க முடியாது. வெள்ளைக்கார மருத்துவர்கள் பிணம் சேர்த்தார்கள், மண்டையோடுகளை அளந்தார்கள், அரசுக் கட்டடத்தில் பிசின் பூசிய பிணத்தைக் கண்ணாடிக்குள் வைத்தார்கள், அதன் பெயரும் மருந்தின் பெயரும் ஒன்று. கதையில் தவறான செய்தி இருந்தது. அது சுட்டிய திசை தவறில்லை.

அதே கொல்கத்தாவில், மம்மி வந்த இரண்டாம் ஆண்டு, இன்னொரு பிணம் வரலாற்றில் இடம்பெற்றது. 1835இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரியில் 1836ஆம் ஆண்டு பண்டித மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்துக் காட்டினார். வைத்தியக் குலத்தவர்; சமற்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்தவர்; ஆங்கில உடற்கூறியல் நூலொன்றைச் சமற்கிருதத்தில் பெயர்த்தவர். ஓடும் நீரில் ஏழு இரவுகள் பிணத்தை ஊறவைத்து அடுக்கடுக்காக உரித்துப் பார்க்கச் சொல்லும் சுசுருத சங்கிதைப் பகுதியை அவர் நன்கறிவார். தீட்டு என்னும் தடை தகர்ந்ததைக் கொண்டாட வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கியதாகக் கொல்கத்தாவில் ஒரு கதை வழங்குகிறது. அறுத்தவரின் ஓவியம் தீட்டப்பட்டது; அவர் பெயர் ஒவ்வொரு மருத்துவ வரலாற்றிலும் இருக்கிறது. அறுக்கப்பட்டவர் யார்?

அந்தக் கேள்விக்குச் சட்டம் வைத்திருக்கும் விடை 'உரிமை கோரப்படாத சடலம்' என்பது. பிரிட்டனின் 1832ஆம் ஆண்டு உடற்கூறியல் சட்டம், ஏழை விடுதிகளில் இறந்து உறவினர் கேட்காத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குத் திறந்துவிட்டது. அதுவரை தூக்கிலிடப்பட்ட கொலைகாரனுக்குத் தண்டனையாக இருந்தது, அதன்பின் வறியவனுக்கு வழக்கமாயிற்று. இந்தியாவில் 1949இல் பம்பாய் மாகாணம் இயற்றிய சட்டமும் அதைப் பின்பற்றிய பிற மாநிலச் சட்டங்களும் அதே சொல்லில்தான் நிற்கின்றன. மருத்துவக் கல்விக்கு உடல் தேவை என்பதில் ஐயமில்லை. இன்று தாமே முன்வந்து உடல்தானம் செய்வோர் பெருகியிருப்பதும் நன்று. ஆனால் கொல்கத்தா அதைத் தாண்டிச் சென்றது. உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் தொட்டுப் பயின்ற எலும்புக்கூடுகளில் மிகப் பெரும்பாலானவை 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்தியாவிலிருந்து, அதிலும் கொல்கத்தாவிலிருந்து சென்றவை. குழந்தைகளின் எலும்புக்கூடுகள் பெருந்தொகையாக ஏற்றுமதியான செய்தி கிளப்பிய ஐயத்தின்பின் 1985இல் இந்திய அரசு அவ்வணிகத்தைத் தடை செய்தது. எகிப்திலிருந்து ஓர் உடலை ஆர்ச்போல்டு வாங்கி வந்த நகரம், ஒன்றரை நூற்றாண்டில் ஆயிரமாயிரம் உடல்களை அனுப்பிவிட்டிருந்தது. மேலைநாட்டுப் பள்ளிகளின் அலமாரிகளில் அவர்கள் இன்னும் கம்பிகளில் தொங்குகிறார்கள்.

உறவு கோருவார் இருப்பதும் இல்லாததும் என்ன வேறுபாடு செய்யும் என்பதை ஒரே கூரையின்கீழ் காண விரும்புவோர் தில்லி தேசிய அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். அரப்பா நாகரிகக் கூடத்தில், அரியானாவின் ராகிகடியில் அகழ்ந்தெடுத்த ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடத்தப்பட்டிருக்கிறது. இடக்கையில் சங்கு வளையல்கள். அருகில் அவளுடன் புதைத்த மண்கலங்கள். நான்காயிரம் ஆண்டுகளுக்கும் முன் யாரோ அழுது அடுக்கிய கலங்கள் அவை. அதே அருங்காட்சியகத்தின் பௌத்தக் கூடத்தில், தாய்லாந்து அளித்த பொன்வேலைப்பாட்டு மண்டபத்தில், உத்தரப் பிரதேசத்துப் பிப்ரவாவில் 1971 முதல் 1977 வரை கே.எம். ஸ்ரீவாஸ்தவா நடத்திய அகழாய்வில் கிடைத்த எலும்புத் துண்டுகள் உள்ளன. அவை கபிலவஸ்துவின் சாக்கியர் பங்காகப் பெற்ற புத்தரின் எலும்புகள் என்று கருதப்படுகின்றன. அங்கே வருவோர் கைகூப்புகிறார்கள். தாய்லாந்து, இலங்கையிலிருந்து வருவோர் தரையில் அமர்ந்து ஓதுகிறார்கள். 2022 ஜூனில் இவற்றுள் நான்கு மங்கோலியாவுக்குச் சென்றபோது, அரசு விருந்தினருக்குரிய தகுதியுடன், குண்டு துளைக்காத பேழைகளில், விமானப் படையின் விமானத்தில், ஒன்றிய அமைச்சர் தலைமையில் சென்றன. 2024இல் தாய்லாந்துக்கும் ஏறக்குறைய அதே மரியாதை.

எலும்பின் வேதியியல் இரண்டுக்கும் ஒன்றே. தொல்லியலாளர் தோண்டி எடுத்தது என்ற வரலாறும் ஒன்றே. ராகிகடிப் பெண்ணுக்குக் கிடைத்தது கண்ணாடியும் ஒரு விவரப் பலகையும். இதில் ஒரு நகைமுரண் உண்டு. அதே ஊரின் இன்னொரு கல்லறையிலிருந்து எடுத்த எலும்பின் மரபணு ஆய்வு 2019இல் வெளிவந்தபோது, அவர் யாருடைய மூதாதை என்பது பற்றி நாடு முழுவதும் போர் நடந்தது. வடக்கும் தெற்கும் பங்கு கேட்டன. தொலைக்காட்சிகளிலும் சமூக ஊடகங்களிலும் 'எங்கள் பாட்டி' என்றார்கள். ஆனால் தில்லியில் படுத்திருக்கும் அந்தப் பாட்டியின் முன் ஒரு பூ வைக்க எவரும் சென்றதாகச் செய்தி இல்லை. வாதத்துக்குரிய உறவு வேறு, எடுத்து அடக்கும் உறவு வேறு.

உறவு உடையவர்களின் நிலை எப்படியிருக்கும் என்பதற்குக் கோவாவும் ஸ்பிதியும் சான்று. 1552 டிசம்பரில் சீனக் கடலோரத் தீவில் இறந்த சவேரியார், முத்துக்குளித்துறைப் பரதவரிடையே நடந்து திரிந்தவர். மலாக்கா வழியாக 1554இல் அவர் உடல் கோவா வந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் திருக்காட்சி கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை நடந்தது. உலகெங்கிலுமிருந்து மக்கள் வரிசையில் நின்றார்கள். அவருடைய வலக்கையின் ஒரு பகுதி 1614இல் ரோமுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. காலை முத்தமிட்ட ஒருவர் விரலைக் கடித்துக்கொண்டுபோனார் என்பதும் பழைய வரலாறு. பக்தி எப்போதும் மென்மையாக நடந்துகொள்ளும் என்று எண்ண வேண்டியதில்லை. இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதியில் கியூ என்னும் சிற்றூரில், 1975 நிலநடுக்கத்தில் வெளிப்பட்ட ஒரு துறவியின் உடல் அமர்ந்த கோலத்தில் இருக்கிறது. கழுத்தையும் முழங்காலையும் பிணைத்த தியானப் பட்டையோடு உயிர்விட்டவர். காலம் ஏறத்தாழ கி.பி. 1475. குளிரும் வறட்சியும் அவரைப் பாடம் செய்தன. சங்கா தென்சின் என்பது அவர் பெயர். ஊரைத் தேள்களின் தொல்லையிலிருந்து காக்க உயிர்நீத்தவர் என்பது ஊரார் கூற்று. கண்ணாடி அங்கும் உண்டு. கண்ணாடியைத் துடைப்பவர்கள் அவரைத் தங்கள் ஊர்க்காரர் என்கிறார்கள்.

சட்டத்தின் கண்ணில் இவ்வேறுபாடு எதுவும் படுவதில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் நாணயம், சிற்பம், ஓவியம், கல்வெட்டு என்று தொடங்கி, நூறாண்டு பழமையான 'பொருள்' எதையும் தொல்பொருள் என்கிறது. மனித உடலுக்கென அந்த வரையறையில் தனிச்சொல் இல்லை. அமெரிக்காவில் 1990இல் வந்த சட்டம், தொல்குடிகளின் எலும்புகளை அவர்கள் வழித்தோன்றல்களிடம் ஒப்படைக்கச் செய்கிறது. பிரிட்டனின் 2004ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டம், ஆயிரம் ஆண்டுக்குட்பட்ட எச்சங்களைத் திருப்பியளிக்கத் தேசிய அருங்காட்சியகங்கள் சிலவற்றுக்கு வழிவிட்டது. எகிப்தே இக்கேள்வியில் இருமுறை மனம் மாறியது. 1980இல் அதிபர் சாதத் அரச உடல்களின் அறையை மூடச் செய்தார். 1994இல் அது மீண்டும் திறந்தது. 2021 ஏப்ரல் 3 அன்று 22 அரசர், அரசியரின் உடல்கள் கெய்ரோ வீதிகளில் ஊர்வலமாகப் புதிய அருங்காட்சியகம் சென்றபோது 21 குண்டுகள் முழங்கின. வாயிலில் நாட்டின் அதிபர் நின்று வரவேற்றார். 1976இல் இரண்டாம் ராம்செஸ் பூஞ்சை நீக்கப் பாரிஸ் சென்றபோதும் படை மரியாதை தரப்பட்டது. (இணையத்தில் சுற்றும் அவருடைய கடவுச்சீட்டுப் படம் பின்னாளில் ஒருவர் வரைந்தது.) மரியாதை அரசர்களுக்கு. அக்மீமின் பூசாரி மகள் அந்த ஊர்வலத்தில் சேர்த்தி இல்லை.

இந்தியா கேட்கும் இடத்தில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்பதை 2024 அக்டோபர் காட்டியது. ஆக்ஸ்போர்டுஷயரின் டெட்ஸ்வொர்த் சிற்றூரில் ஓர் ஏலக்கடை தன் பட்டியலில் 'கொம்புகள் பொருத்திய நாகா மண்டையோடு' ஒன்றைச் சேர்த்திருந்தது. மதிப்பு 3,500 முதல் 4,500 பவுண்டு. நைஷுவைப் போல் இவருக்கு இளவரசப் பட்டம் தேவைப்படவில்லை. கொம்பு போதுமானதாக இருந்தது. செய்தி பரவியதும் நாகா சமரச மன்றம் எதிர்ப்புத் தெரிவித்தது. நாகாலாந்து முதல்வர் நெய்பியு ரியோ வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஏலம் நடப்பதற்குள் மண்டையோடு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

அந்தக் கடிதங்கள் திடீரென முளைத்தவை அல்ல. ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் நாகா மக்களின் பொருள்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஜே.எச். ஹட்டன், ஜே.பி. மில்ஸ் போன்ற ஆட்சி அதிகாரிகள் மலைகளில் பணியாற்றிய காலத்தில் அனுப்பியவை அவற்றுள் மிகுதி; மனித எச்சங்களும் உண்டு. 2020இல் அந்த அருங்காட்சியகம் மனித எச்சங்களைக் காட்சியிலிருந்து அகற்றிச் சேமிப்பறைக்குக் கொண்டுசென்றது. அதன்பின் நாகா சமரச மன்றமும், மானிடவியலாளர்கள் டோலி கிகோன், அர்கோதோங் லோங்குமேர் ஆகியோரும் ஊர் ஊராகச் சென்று முதியோரிடம் பேசத் தொடங்கினார்கள். 2025 ஜூனில் நாகா முதியோரும் இளையோரும் அடங்கிய குழு ஆக்ஸ்போர்டு சென்று, பெட்டிகளில் இருந்தவர்களைக் கண்டு வந்தது.

அவர்கள் ஊர்களில் பேசும்போது எழும் கேள்விகள் எளியவையல்ல. தலைவேட்டைக் காலத்தில் எடுக்கப்பட்ட தலை, எடுத்த ஊருக்கு உரியதா, இழந்த ஊருக்கு உரியதா? அன்று பகைவர்களாக இருந்த ஊர்கள் இன்று ஒரே திருச்சபையில் பாடுகின்றன. பெரும்பாலோர் கிறித்தவராகிவிட்ட மலைகளில், பழைய நெறியில் இறந்தவரை எந்த மந்திரம் சொல்லி எந்த மண்ணில் இடுவது? வெளியே போன தலை திரும்பி வருவதற்கென மூதாதையர் எந்தச் சடங்கையும் வகுத்து வைக்கவில்லை. அப்படியொன்று நேரும் என்று அவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். ஊர் தெரியாதவர்களை எல்லாக் குலத்தாரும் சேர்ந்து பொதுவாக ஏற்பதா என்பதும் பேசப்படவேண்டியதாக இருக்கிறது. இத்தகைய தொகுப்புகளின் பதிவேடுகளில் கொண்டுவந்த அதிகாரியின் பெயரும் ஆண்டும் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். உடலுக்கு உரியவர் பெயர் எழுதவேண்டிய இடம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். கொல்கத்தா மம்மியின் பதிவிலும் நமக்குக் கிடைக்கும் பெயர் ஆர்ச்போல்டு.